நாற்பத்திரண்டு வயது மாணவியின் உதவித்தொகை

எங்கள் தொழிற்பயிற்சி நிலையத்தின் அலுவலக ஜன்னல் உயரம் குறைவு. உள்ளே இருப்பவரோடு சண்டை போட வேண்டுமென்றால் குனிய வேண்டும். அன்று நான் நன்றாகக் குனிந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

“எல்லாருக்கும் உதவித்தொகை ஏறிருச்சு. எனக்கு மட்டும் ரெண்டு மாசமா வரல. நீங்க உள்ள உக்காந்து என்ன சோலி பாக்குறீங்க?”

உள்ளே இருந்தவர் தங்கராஜ் சார். அலுவலக எழுத்தர். கழுத்தில் சாம்பல் நிற மப்ளர், கையில் பேனா. ஓய்வு பெற இன்னும் சில வருடங்கள்தான் இருந்தன. அவர் தலையை நிமிர்த்தி, “ஆதார் எந்த பேங்க்ல சேந்திருக்குன்னு பாத்துட்டு வாங்கன்னு மூணு தடவை சொல்லிட்டேன்மா” என்றார்.

“அதான் பாஸ்புக் ஜெராக்ஸ் குடுத்திருக்கேனே! திருப்பித் திருப்பி அதையே சொல்லி எத்தன நாளைக்கு அலைய விடுவீங்க?”

எனக்குப் பின்னால் வயர்மேன் பிரிவு முழுவதும் திரண்டு நின்றது. எல்லாருக்கும் பதினேழு, பதினெட்டு வயது. நான் ஒருத்திதான் நாற்பத்திரண்டு. ஆனாலும் அன்று அந்தக் கூட்டத்தில் சின்னப் பிள்ளை யார் என்று கேட்டால், நான் விரலை என் பக்கமே நீட்டுவேன்.

சம்பளம் என்று சொல்லித் திரிந்தவள்

நான் பேத்துப்பாறைக்காரி. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு கேரட் கழுவினேன், பூண்டு காய வைத்தேன், காப்பிப் பழம் பறித்தேன். கடைசியாக கொடைக்கானலில் ஒரு காட்டேஜில் எட்டு வருடம் அறைகளைச் சுத்தம் செய்தேன். அந்தக் காட்டேஜ் மூடப்பட்ட கதையைப் போன அத்தியாயத்தில் புலம்பித் தீர்த்துவிட்டேன். மறுபடி வேண்டாம்.

அங்கே எனக்கு ஒரே ஒரு ஆசை உண்டாகியிருந்தது. குளியலறை ஹீட்டர் அடிக்கடி மக்கர் பண்ணும். வயர்மேனுக்குப் போன் போட்டால் சீசன் நேரத்தில் இரண்டு நாள் கழித்து வருவார். அதுவரை குளிரில் நடுங்கும் விருந்தினர்களுக்கு நான் அடுப்பில் வெந்நீர் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வந்தவர் பத்து நிமிடம் திருகிவிட்டு, என் இரண்டு நாள் கூலியை வாங்கிக்கொண்டு போவார். நான் டார்ச் பிடிப்பேன். டார்ச் பிடித்துப் பிடித்தே பாதி வேலை தெரிந்துவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு.

வேலை போன பிறகு, மகள் கீர்த்தனா மொபைலில் ஓர் அறிவிப்பைக் காட்டினாள். கீழே வத்தலக்குண்டு பக்கம் கல்லூரியில் படிக்கிறாள். அவளுக்கும் மாதாமாதம் அரசாங்கப் பணம் வருகிறது.

“அம்மா, ஐ.டி.ஐ.ல வயர்மேன் கோர்ஸ் இருக்கு. எட்டாவது போதும். பொம்பளைங்களுக்கு வயசு வரம்பே இல்லையாம். மாசம் உதவித்தொகை வேற.”

“எவ்வளவு?”

சொன்னாள். ஒரு கேஸ் சிலிண்டர் வாங்கினால் கரைந்துபோகும் தொகை. ஆனால் மாதாமாதம் நிச்சயமாக வரும் பணம் என்ற ஒன்றை என் வாழ்க்கையில் நான் பார்த்ததில்லை. அது என் தலைக்கு ஏறிவிட்டது.

என் வீட்டுக்காரர் பாண்டி, மினி லாரியில் காய்கறி ஏற்றி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு ஓட்டுகிறவர். அதிகம் பேச மாட்டார்.

“ரெண்டு வருசம் முழு நேரமும் பள்ளிக்கூடமா? வீட்டுக்கு?” என்று மட்டும் கேட்டார்.

“அரசாங்கம் மாசச் சம்பளம் தருதுங்க. சனி, ஞாயிறு கேரட் கழுவப் போறேன். போதாதா?”

“சம்பளமா?”

“சம்பளம் மாதிரி.”

அந்த “மாதிரி” இரண்டே நாளில் உதிர்ந்துபோனது. மகளிர் குழுவில், பஸ் ஸ்டாப்பில், ரேஷன் கடை வரிசையில் எல்லாம் “கவர்மென்ட்டு சம்பளத்துல படிக்கப் போறேன்” என்று சொல்லித் திரிந்தேன். ஒருத்தி, “அப்ப பென்சன் உண்டா?” என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. ஆனாலும், “இப்ப எல்லாம் அதச் சொல்ல மாட்டாங்க” என்று கெத்தாகப் பதில் சொன்னேன்.

ஓம்

சீருடைக்கு அளவு கொடுக்கப் போனபோது டெய்லர், “புள்ளைய கூட்டிட்டு வரலையாக்கா?” என்றார். எனக்குத்தான் என்றதும் டேப்பைக் கீழே போட்டுவிட்டு எடுத்தார். நீலச் சட்டை, கால்சட்டை. பிறந்தது முதல் பாவாடையும் சேலையும் கட்டியவள், முதல் நாள் பஸ்ஸில் கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் பையை மடியில் வைத்து மூடிக்கொண்டேன். பெருமாள்மலைக்கு முன்னால் ரோட்டில் காட்டுமாடு நின்றதால் பஸ் அரை மணி நேரம் தாமதம். முதல் நாளே தாமதமாகப் போனேன். என்னைப் பயிற்றுநர் என்று நினைத்துப் பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்று “குட் மார்னிங் மேடம்” சொன்னார்கள். நானும் “உக்காருங்க” என்று சொல்லித் தொலைத்தேன்.

பக்கத்து இருக்கை அபிநயாவுக்கு. பூம்பாறையில் பூண்டு போடும் குடும்பத்துப் பெண். அவள்தான் எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். முதல் வாரம் பயிற்றுநர் கரும்பலகையில் “ஓம் விதி” என்று எழுதினார். பழனி மலைக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறோம், சாமி கும்பிட்டுத்தான் பாடம் ஆரம்பிப்பார்கள் போல என்று நான் கையைக் கூப்பிவிட்டேன்.

“அக்கா, இது அந்த ஓம் இல்லக்கா” என்று அபிநயா என் கையைப் பிடித்து மேசைக்குக் கீழே இழுத்தாள்.

அடுத்து, இன்னொரு அவமானம். ஒரே விளக்கை இரண்டு சுவிட்சில் எரிய வைக்கும் பாடம், மாடிப்படிக்குப் போடுவது. எனக்குத்தான் டார்ச் பிடித்த அனுபவம் உண்டே என்று பயிற்றுநர் வந்து பார்ப்பதற்கு முன்பே சுவிட்சைத் தட்டினேன். ‘டப்’ என்று ஒரு சத்தம். அந்தக் கட்டிடமே இருண்டது. அலுவலகத்தில் தங்கராஜ் சார் காலையிலிருந்து கணினியில் ஏற்றிக்கொண்டிருந்த பட்டியல் சேமிக்கப்படாமல் போய்விட்டது. அது எங்கள் உதவித்தொகைப் பட்டியல்தான்.

அவர் பட்டறை வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தார். அப்படியே திரும்பிப் போனார். அந்தப் பார்வையை நான் மனதுக்குள் எழுதி வைத்துக்கொண்டேன். இந்த மனுஷன் என்றைக்காவது பழி வாங்குவார் என்று.

அரைப்பேரு

இந்த இடத்தில் என் அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லையென்றால் நான் ஏன் அப்படி நினைத்தேன் என்பது விளங்காது.

அம்மாவும் அப்பாவும் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். நான், அவர்கள் இங்கே வந்த பிறகு பிறந்தவள். ஆனால் அம்மா பேச்சில் தோட்டம் போகவே இல்லை. காலையில் வேலைக்குக் கூடுவது அவளுக்குப் ‘பெரட்டு’. ஒரு நாள் வேலைக்கு ஒரு ‘பேரு’. கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்றால் ‘அரைப்பேரு’ போட்டுவிடுவார். முழு நாளும் மழையில் நின்றவளுக்குப் பாதிக் கூலி.

“பேனா புடிச்சவன் கிட்ட சிரிச்சுப் பேசு. ஆனா நம்பிறாத” என்பாள் அம்மா. சிரிச்சுப் பேசச் சொன்ன பாதியை நான் மறந்துவிட்டேன்.

எங்கள் வருகையைப் பதிவு செய்ய ஒரு விரல்ரேகை இயந்திரம் உண்டு. பிள்ளைகள் தொட்டதும் பச்சை விளக்கு எரியும். எனக்கு மட்டும் சிவப்பு. எட்டு வருடம் பினாயிலிலும் சோப்புத் தூளிலும் ஊறிய விரல்களில் ரேகை தேய்ந்துபோயிருந்தது. தினமும் பத்து விரலையும் வைத்துப் பார்ப்பேன். ஒன்றும் விழாது. கடைசியில் தங்கராஜ் சாரிடம் போய் நிற்பேன். அவர் ஒரு பதிவேட்டைத் திறந்து என்னவோ எழுதிக்கொள்வார். என்ன எழுதுகிறார் என்று ஜன்னல் வழியாகத் தெரியாது.

வருகை இருந்தால்தான் உதவித்தொகை. எல்லாருக்கும் பணம் ஏறி, எனக்கு மட்டும் ஏறாதபோது எனக்கு எல்லாமே புரிந்துவிட்டதாக நினைத்தேன். பட்டியல் அழிந்த கோபம். விரல் விழாத சாக்கு. இவர் எனக்கு அரைப்பேரு போடுகிறார்.

புரட்சி

ஜன்னல் சண்டை நடந்த அன்றே, பிள்ளைகள் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். “அக்காவுக்குப் பணம் வர்ற வரைக்கும் கிளாஸுக்குப் போக மாட்டோம்!” எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்காக இத்தனை பேரா! அன்றைக்குக் கணக்குத் தேர்வு இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

முதல்வர் வந்து ஒரு அதட்டல் போட்டதும் கூட்டம் கலைந்தது. ஆனால் என் சூடு தணியவில்லை. அன்று சாயங்காலம் உட்கார்ந்து ஒரு மனு எழுதினேன். நானே, என் கையால். ‘ஏழைப் பெண்ணின் வயிற்றில் அடிக்கும் அலுவலர்’ என்று எழுதினேன். ‘விரல்ரேகையைக் காரணம் காட்டி வஞ்சம் தீர்க்கிறார்’ என்று எழுதினேன். தங்கராஜ் என்ற பெயருக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன்.

பாண்டி படித்துப் பார்த்தார். “இதெல்லாம் உனக்கு நிச்சயமாத் தெரியுமா?”

“தெரியாமலா எழுதுவேன்?”

“அந்த மனுசனுக்கும் வேலை, குடும்பமெல்லாம் இருக்கும்ல.”

“எனக்கு இல்லையா?”

அவர் மனுவை மடித்து என் கையில் கொடுத்தார். குறைதீர்க்கும் நாளன்று கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனுவைக் கொடுத்துவிட்டு, ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து நடந்து வந்தேன்.

வேற பேங்க்

அந்த வார இறுதியில் கீர்த்தனா வீட்டுக்கு வந்தாள். நான் என் வீரத்தை விவரித்தேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, “அந்த சார் சொன்னதப் பாத்தியாம்மா? ஆதார் எதுல சேந்திருக்குன்னு?” என்றாள்.

“பாஸ்புக் இங்கதான கெடக்கு?”

“பாஸ்புக்க பாத்துப் பணம் வராதும்மா. ஆதாரப் பாத்துத்தான் வரும்.”

மொபைலை எடுத்து என் ஆதார் எண்ணைத் தட்டினாள். எனக்கு வந்த குறுஞ்செய்தி எண்ணையும் போட்டாள். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள்.

“அம்மா, இதுல வேற பேங்க் பேரு காட்டுது.”

“தப்பாக் காட்டுது.”

“இந்த பேங்க் நம்ம பக்கத்துல பெரும்பாறைலதான் இருக்கு. நீ அங்க இருந்தியா எப்பவாவது?”

பெரும்பாறை. அங்கே ஒரு சீசன் காப்பி பறிக்கப் போயிருந்தேன். ஒருநாள் எஸ்டேட்டில் மேசை போட்டு, லேப்டாப்பை வைத்து, “எல்லாரும் வெரசா வாங்க, கணக்கு ஆரம்பிக்கிறோம்” என்றார்கள். வரிசையில் நின்று விரலை வைத்தேன். அப்போது என் விரலில் ரேகை இருந்தது. அவர்கள் கொடுத்த பாஸ்புக்கை எந்த மூட்டையில் வைத்து எங்கே தொலைத்தேனோ, அந்த சீசனோடு அதை மறந்தே போனேன்.

திங்கள்கிழமை வகுப்புக்குப் போகாமல் பண்ணைக்காடு, தாண்டிக்குடி வழியாகக் கீழே இறங்கினேன். வளைவுக்கு வளைவு வாந்தி வருவது போல இருந்தது. பாதி ரோடு, பாதி மனசாட்சி.

பேங்க்கில் இருந்த பெண் என் ஆதாரைப் பார்த்துத் தட்டிவிட்டு, “ஆமாக்கா, இருக்கு. ரெண்டு மாச உதவித்தொகை ஏறியிருக்கு” என்றாள். பிறகு கொஞ்சம் கீழே நகர்த்திப் பார்த்து, “கேஸ் மானியமும் இருக்கே. ரொம்ப வருசமா எடுக்கவே இல்லையா?” என்றாள்.

அத்தனை வருடமும் சிலிண்டர் கொண்டுவருகிற மனிதரை வாசலில் நிறுத்தி, “என் மானியத்த நீங்கதான அமுக்குறீங்க?” என்று கேட்டவள் நான். ஒரு தடவை அவர் சிலிண்டரைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போகவே பார்த்தார்.

அந்தப் பெண் ஆதார் இணைப்பை மாற்றும் படிவத்தை நீட்டினாள். விரல் விழவில்லை. கையெழுத்தும், கண் படமும் வைத்து எப்படியோ முடித்துக் கொடுத்தாள்.

விசாரணை

மறுநாள் நிலையத்துக்குப் போனால் தங்கராஜ் சாரின் முகம் வேறு மாதிரி இருந்தது. மனு மேலிருந்து கீழே வந்துவிட்டது. எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருந்தார்கள். இருவரும் விசாரணைக்கு நேரில் வர வேண்டும் என்று கடிதம்.

நான் ஜன்னலில் குனிந்தேன். “சார், தப்பு என்னோடதுதான். வேற கணக்குல ஏறியிருக்கு.”

“தெரியும்மா” என்றார். “அத அங்க வந்து சொல்லுங்க.”

புதன்கிழமை விசாரணை அறையில் ஒரு அதிகாரி அம்மா இருந்தார். என் மனுவை முழுவதும் வாய்விட்டுப் படித்தார். ‘வயிற்றில் அடிக்கும்’ என்ற இடத்தில் எனக்கு வியர்த்தது; கொடைக்கானலில், மார்கழியில். அவர் படித்து முடித்ததும் தங்கராஜ் சார் எழுந்து, பையிலிருந்து ஒரு பதிவேட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

என் பெயருக்கு நேராக ஒவ்வொரு நாளும் அவருடைய சின்ன எழுத்து. ‘விரல்ரேகை பதிவாகவில்லை. நேரில் வருகை உறுதி செய்யப்பட்டது.’ தேதி, நேரம், கையொப்பம். காட்டுமாட்டால் பஸ் தாமதமான அந்த முதல் நாளுக்கும் ‘பேருந்து தாமதம், வருகை ஏற்கப்பட்டது’ என்று எழுதியிருந்தார். ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. ஒரு அரைப்பேருகூட இல்லை.

அந்தப் பதிவேடு இல்லாவிட்டால் எனக்கு எந்தக் கணக்கிலும் ஒரு பைசா வந்திருக்காது.

“என்னம்மா சொல்றீங்க?” என்றார் அதிகாரி.

வீட்டில் ஒத்திகை பார்த்த வாக்கியம் எதுவும் வரவில்லை. “எனக்குப் பேங்க் கணக்கு ரெண்டு இருக்குங்கம்மா. ஒண்ண மறந்துட்டேன். சார் மூணு தடவை சொன்னாரு. நான் கேக்கல. இதுல எழுதுனது ஒண்ணுகூட உண்மை இல்லைங்க.” பிறகு எனக்கே தோன்றி, “ஏழைப் பெண் மட்டும் உண்மைங்க” என்றேன்.

அதிகாரி சிரித்துவிட்டார். மனுவை வாபஸ் வாங்குவதாக எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். தங்கராஜ் சார் சிரிக்கவில்லை.

பஸ்ஸில்

திரும்பும்போது ஒரே பஸ். இரண்டு பேர் உட்காரும் ஓர் இருக்கைதான் காலியாக இருந்தது. நான் உட்காராமல் நின்றேன். “உக்காருங்கம்மா” என்றார். ஓரமாக உட்கார்ந்தேன்.

“சார், மன்னிச்சிருங்க.”

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மூடுபனியில் பார்க்க ஒன்றும் இல்லை.

“இருபத்தஞ்சு வருசத்துக்கு மேல ஆச்சு சர்வீஸ்ல. இதான் முதல் கடிதம்” என்றார். “வீட்ல சொல்லல. நாலு நாளாத் தூக்கமில்ல. எங்க தப்பு பண்ணோம்னு பழைய ரிஜிஸ்டரையெல்லாம் பொரட்டிட்டு இருந்தேன்.”

“நான் தெரியாம...”

“பரவால்லன்னு சொல்லணும்னுதான் நினைக்கிறேன். சொல்ல வரலம்மா. கொஞ்ச நாள் ஆகும்.” பிறகு, “நாளைக்கு வெள்ளனே வாங்க. திங்கக்கிழமை வராததுக்கு லீவ் லெட்டர் குடுக்கணும். இல்லாட்டி இந்த மாச வருகை குறையும்” என்றார்.

மறுநாள் முதல் பஸ்ஸுக்கே போனேன். அவர் கடிதத்தை வாங்கி, பதிவேட்டைத் திறந்து, எழுதி, மூடினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். ஒவ்வொரு நாளும் நான் ஜன்னலில் குனிவேன், அவர் எழுதுவார், “கிளாஸுக்கு நேரமாச்சு” என்பார். உதவித்தொகை சரியான தேதிக்குச் சரியான கணக்கில் ஏறியது. அதை எடுக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கூசியது. எடுக்காமலும் இருக்கவில்லை, சிலிண்டர் வாங்க வேண்டுமே.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு மதியம், அலுவலகத்தில் டியூப்லைட் சுவிட்ச் தளர்ந்திருக்கிறது என்று பயிற்றுநர் என்னை அனுப்பினார். மெயினை அணைத்துவிட்டு, அணைத்தது உறுதிதானா என்று டெஸ்டர் வைத்து இரண்டு தடவை பார்த்துவிட்டு, சுவிட்சைக் கழற்றி மாற்றினேன். தங்கராஜ் சார் அதற்கு முன்பே தன் வேலைகளைச் சேமித்துவிட்டு, கணினியைத் தள்ளி வைத்துவிட்டு, எட்டடி தூரத்தில் நின்றார். மின்சாரம் வந்தது. எதுவும் வெடிக்கவில்லை.

அவர் மேசைக்கு வந்து டிபன் டப்பாவைத் திறந்தார். எலுமிச்சைச் சாதம். மூடியை எடுத்து அதில் பாதியைப் போட்டார்.

“சாப்பிட்டீங்களாம்மா?”

பத்து நிமிடத்துக்கு முன்புதான் அபிநயா கொண்டுவந்த சாப்பாட்டையும் சேர்த்து வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தேன்.

“இல்ல சார்” என்றேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.